முழு மீனா, தலையும் வாலுமா?

கோவில்பதாகை
புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

வனஜா எழுதுகிறேன். நானும் பாப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். மனசுதான் சரியில்லை. தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் 'சாப்ட்டியா, பாப்பா படிக்கிறாளா' என்று கேட்டுவிட்டு, ரூமில் ஆள் இருக்கிறது என்று வைத்துவிடுகிறீர்கள். வாட்சப்பில் அனுப்பலாம் என்றால் என் போன் பாதி நேரம் பாப்பா கையில்தான். இது அவள் கண்ணில் படக்கூடாத விஷயம். அதனால் தையல் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து மெஷின்காரிகள், யாருக்கு லவ் லெட்டர் என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

பள்ளிக்கூடத்தில் கடல் குழு என்று ஒன்றில் நம் பாப்பா ஷர்மிளா சேர்ந்திருக்கிறாள் என்று சொன்னேன் அல்லவா? விலங்கியல் வாத்தியார் கார்த்திகேசன் நடத்துகிறார். ஆவடியில் ஏது கடல், டேங்க் பாக்டரிதானே இருக்கிறது என்று நீங்கள்கூடக் கிண்டல் செய்தீர்கள். அந்த சார் முதல் நாளே பிள்ளைகளை நம் தெருக்கோடி சாக்கடைக்குத்தான் கூட்டிப்போனார். இது கால்வாயில் விழுந்து, கூவத்தில் கலந்து, கடைசியில் கடலுக்குத்தான் போகிறது, அதனால் கடல் இங்கேயே ஆரம்பிக்கிறது என்றாராம். அன்றிலிருந்து நம் வீட்டில் ஒரு ஷாம்பு பாக்கெட்டை வாசலில் போட முடிவதில்லை. போட்டால் பாப்பா பொறுக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுப்பாள்.

அடுத்து மீன் மார்க்கெட். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் ஸ்கேலும் கையுமாகப் போய், மீனை மூக்கிலிருந்து வால் வரை அளப்பார்கள். ஒரு மீன் ஒருமுறையாவது முட்டை போட்ட பிறகுதான் அதைப் பிடிக்க வேண்டுமாம். குஞ்சிலேயே வாரிவிட்டால் பின்னால் வலை வெறும் வலையாகத்தான் வருமாம். எந்த மீன் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று அட்டையில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள். நான் சங்கரா வாங்கி வந்தால் முதலில் அவள் அளக்க வேண்டும். சிறுசாக இருந்தால் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவாள். மீன் விற்கிற எல்லம்மா, 'இன்னாமே வனஜா, உன் பொண்ணு மீனுக்கு சட்ட தைக்கப் போறாளா? அளவு எடுத்துகினே கீறா' என்று மார்க்கெட்டே சிரிக்கும்படி கேட்டாள். ஆனாலும் பிள்ளைகளை விரட்டமாட்டாள். புரட்டாசியில் வியாபாரம் இல்லை, ஈ ஓட்டுகிற நேரத்தில் இதுகளாவது பேச்சுத் துணை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வருகிறது. பெரிய மீனோடு சேர்ந்து வலையில் ஏறுகிற பொடி மீனெல்லாம் எங்கே போகிறது என்று பாப்பாவின் குழு காட்டப்போகிறது. அதற்காக எல்லம்மா காசிமேடு துறைமுகத்திலிருந்து ஐஸ் போட்டு ஒரு பை பொடி மீன் கொண்டுவந்து கொடுத்தாள். யாரும் தின்னாத மீன், லாரியில் ஏற்றித் தூள் கம்பெனிக்கு அனுப்புகிற மீன். அதைக் கொட்டிப் பிரிக்க ஒரு வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை. புரட்டாசி மாதம் யார் மீனை உள்ளே விடுவார்கள்? எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, நம் வீட்டுக்கு வாருங்கள் என்றுவிட்டேன். பிள்ளைகளும் சாரும் வந்து பையைப் பிரித்தார்கள். நாற்றம் மாடிக்கு ஏறியதும் நெற்றி நிறைய நாமத்தோடு வீட்டுக்கார ஏகாம்பரம் இறங்கி வந்தார். 'இன்னாம்மா, பெருமாள் மாசத்துல இப்டி பண்ற? ஊட்ட காலி பண்ண வச்சிடாத' என்றார். பிறகு வாத்தியார் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு ஏறிப்போனார்.

பழைய பேப்பரை விரித்து இனம் இனமாகப் பிரித்தோம். நானும்தான் உட்கார்ந்தேன். கட்டைவிரல் நீளத்தில் வஞ்சிரம், நகத்தளவு நண்டு, கண் மட்டும் பெரிதாகத் தெரிகிற பாரைக் குஞ்சு. பாதிக்கு மேல் நாம் காசு கொடுத்து வாங்கித் தின்கிற மீன்களின் பிள்ளைகள். பார்க்கவே பாவமாக இருந்தது. இதை வேகவைத்து, காயவைத்து, அரைத்துக் கோழிக்கும் இறாலுக்கும் தீவனமாகப் போடுகிறார்கள் என்று சார் சொன்னார். கண்காட்சி மேஜையில் கடைசித் தட்டில் வைக்க அந்தத் தூள்தான் கிடைக்கவில்லை, எங்கே போய்த் தேடுவது என்று பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது. போன லீவில் கறிவேப்பிலைச் செடிக்கு என்று நீங்கள் தூள் கொண்டுவந்தீர்களே, அந்த டப்பாவை எடுத்து வந்து பிள்ளைகள் நடுவில் வைத்தேன். வெறும் மீன் கழுவின தண்ணீரில் வளர்ந்த செடி, இந்தத் தூள் போட்டதிலிருந்து தெருவுக்கே கறிவேப்பிலை கொடுக்கிறது என்ற பெருமை எனக்கு. 'ஏன் தேடறீங்க, இது ஷர்மிளா அப்பா கம்பெனியில செய்யறதுதான்' என்றேன்.

ஜெகதீஷ் என்ற பையன், 'உங்க அப்பாவா ஷர்மி?' என்று மெதுவாகக் கேட்டான். சார் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, நன்றிம்மா என்று மூடி வைத்தார். பாப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்னை விடவில்லை. நீங்கள் மங்களூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பாய்லர் ஓட்டுகிறீர்கள் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று அவளும் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை.

எல்லோரும் போனதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். 'அப்பா கம்பெனிக்கு முழு மீன் வருதா, தலையும் வாலும் மட்டும் வருதா?' தலை, வால், குடல்தான், வெட்டிப் போடுகிற கழிவை வீணாக்காமல் தூளாக்குகிறார்கள் என்று சொன்னேன். நீங்கள் என்னிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறீர்கள். 'அப்பாவைக் கேட்டுச் சொல்லு' என்றாள்.

அன்றிலிருந்து அவள் உங்களோடு பேசவில்லை. தூங்கிவிட்டாள் என்று நான் போனில் சொன்னது பொய். என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு வரி பதில் போடுங்கள், அல்லது அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரத்தில் கூப்பிடுங்கள். தலையும் வாலும்தான் என்று உங்கள் வாயால் கேட்டுவிட்டால் எனக்குச் சோறு இறங்கும்.

உங்கள் நலம் விரும்பும்
வனஜா

*

கோவில்பதாகை
புரட்டாசி கடைசி வாரம்

அன்புள்ள உங்களுக்கு,

செவ்வாய்க்கிழமை நீங்கள் போனில் கத்திவிட்டு வைத்த பிறகு நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோபத்தில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதுகிறேன். நீங்களும் குறுக்கே பேச முடியாது, அது எனக்கு வசதி.

நீங்கள் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். சட்டப்படி வாங்கக்கூடாத பொடி மீனை வாங்குகிறீர்களா என்று கேட்டு அங்கே அதிகாரிகள் வந்து போயிருக்கிறார்கள். வெளியே யாரும் எதுவும் பேசக்கூடாது, பேசியது தெரிந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவோம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். இந்த நேரத்தில் பாப்பா மேடையில் நின்று அப்பா கம்பெனி தூள் என்று சொல்லி, யாராவது அதைப் போனில் பிடித்துப் போட்டுவிட்டால் உங்கள் வேலை போய்விடும். அதனால் அவளைக் குழுவிலிருந்து நிறுத்த வேண்டும். நிறுத்த முடியாவிட்டால், தூள் கடையில் வாங்கியது என்று சொல்லச் சொல்ல வேண்டும். இவ்வளவுதானே?

நான் கேட்டதற்கு மட்டும் சுற்றி வளைத்துத்தான் பதில் வந்தது. 'ஆரம்பத்துல தலையும் வாலுந்தான் வந்துச்சு. இப்ப லாரியில எது வருதோ அது உள்ள போவுது. நான் நெருப்பத்தான் பாக்குறேன், மீனப் பாக்கல' என்றீர்கள். எவ்வளவு நாளாக என்று கேட்டதும் போனை வைத்துவிட்டீர்கள். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். உங்கள் மடியில் இந்தக் கனம் எத்தனை லீவாக இருக்கிறது? என்னிடம்கூட இறக்கி வைக்கத் தோன்றவில்லையா?

திட்டுவதற்காக எழுதவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் உங்கள் பட்டறையை மூடியபோது நீங்கள் இருந்த இருப்பு எனக்கு மறக்காது. காலையில் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் ஆவடி ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துவிட்டு, வேலை முடிந்து வருகிறவர்களோடு வருவீர்கள். அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாது என்று. அப்போது கூப்பிட்டு வேலை கொடுத்த கம்பெனி இது. அதை நான் பழித்தால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அந்தப் பொடி மீன்களை என் கையால் பிரித்தேனே, அதை என்ன செய்வது? ராத்திரி கையை முகர்ந்து பார்த்தால் அந்த நாற்றம் இன்னும் இருப்பதுபோலவே இருக்கிறது.

நீங்கள் சொன்னபடி பள்ளிக்கூடத்துக்குப் போய் கார்த்திகேசன் சாரைப் பார்த்தேன். பாப்பா பேரை எடுத்துவிடுங்கள், படிப்பு கெடுகிறது என்று ஒப்பித்தேன். எனக்குப் பொய் வராது, முகமே காட்டிக் கொடுத்துவிடும். அவர் துருவிக் கேட்கவில்லை. அவளே வந்து விலகிக்கொள்கிறேன் என்று சொன்னதாகவும், மறுநாள் தானே திரும்பி வந்துவிட்டதாகவும் சொன்னார். 'அந்தத் தூள் வேணாம்மா, நான் தட்டைக் காலியா வெச்சிக்கிறேன்னு சொல்லிட்டேன். அவதான் திரும்பக் கொண்டுவந்து வெச்சா' என்றார். யார் மேலும் குற்றம் சொல்ல இதைச் செய்யவில்லை என்று இரண்டு தடவை சொன்னார். நல்ல மனுஷன். ஆனால் அவர் ஆரம்பித்து வைத்தது எங்கே வந்து நிற்கிறது என்று அவருக்கே கவலையாக இருப்பது தெரிந்தது.

கடையில் வாங்கியது என்று சொல்லச் சொன்னீர்கள். அதை நான் பாப்பாவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். வேண்டுமானால் யாராவது என்னைக் கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன். பெற்ற பெண்ணுக்கு நானே பொய்யைப் பாடம் எடுக்க முடியாது. இதற்கு நீங்கள் கோபித்தாலும் சரி.

இன்னொரு பயமும் இருக்கிறது. 'வேல போயிடுமா?' என்று நான் போனில் அலறியபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்தேன். அடுப்படியை விட்டு வெளியே வந்தால், தலையில் துண்டோடு கதவோரம் நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியமில்லை.

சனிக்கிழமை கண்காட்சி. பெற்றோரும் வர வேண்டும் என்று சீட்டு வந்திருக்கிறது. தையல் கம்பெனியில் லீவு சொல்லியிருக்கிறேன். திருமுல்லைவாயல் அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், பாய்லர் பக்கம் ஜாக்கிரதையாக இருங்கள்.

கவலையோடு
வனஜா

*

கோவில்பதாகை
ஐப்பசி முதல் வாரம்

அன்புள்ள உங்களுக்கு,

கண்காட்சி நல்லபடியாக முடிந்தது என்று போனில் சொன்னேன். உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னேன். அப்பாடா என்று நீங்கள் மூச்சுவிட்டது எனக்கு இங்கே கேட்டது. பாப்பா பக்கத்திலேயே இருந்ததால் மீதியைச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை யாரும் இல்லாத நேரத்தில் படியுங்கள்.

நீளமான மேஜை போட்டு வரிசையாக வைத்திருந்தார்கள். முதலில் வலைத் துண்டு. அதன் கண்ணுக்குள் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. அப்புறம் பாட்டில் பாட்டிலாகப் பொடி மீன், பக்கத்தில் அதே மீன் வளர்ந்தால் எவ்வளவு இருக்கும் என்று வெட்டி ஒட்டிய அட்டை. கட்டைவிரல் மீனுக்குப் பக்கத்தில் என் கை நீளத்துக்கு ஒரு வஞ்சிரம். கடைசியில் வெள்ளைத் தட்டில் நம் தூள். பாப்பாதான் பேசினாள். எனக்கே தெரியாது, அவளுக்கு இப்படிப் பேச வரும் என்று. எல்லம்மாகூட வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். 'டீச்சரு கணக்கா பேசுது பாரேன்' என்று என் தொடையைக் கிள்ளினாள்.

எங்கிருந்தோ வந்திருந்த ஒரு அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தூளைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். 'அசலா இருக்கே, எங்கம்மா கிடைச்சுது இது?' என்றார். பாப்பா கண்ணைக்கூட இமைக்கவில்லை. 'கடையில வாங்கினது சார். செடிக்குப் போடற உரம்' என்றாள்.

நீங்கள் சொல்லச் சொன்ன அதே வார்த்தை. சத்தியமாக நான் அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். ஜெகதீஷ் குனிந்து ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்தான். சார் என்னைப் பார்த்தார், நான் வலைத் துண்டைப் பார்த்தேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் இல்லையா? முடியவில்லை. போன மாதம் மார்க்கெட்டில் ஒரு மீன் அளவுக்கு ஒரு மயிரிழை குறைந்தது. கூட இருந்த பிள்ளைகள், சரியாக இருக்கிறது என்று எழுதிவிடு, யார் பார்க்கப்போகிறார்கள் என்றார்கள். 'கொறஞ்சா கொறஞ்சதுதான்' என்று பாப்பா சண்டை பிடித்து, ஒரு நாள் முழுக்க அவர்களோடு பேசவில்லை. அந்தப் பெண் அத்தனை பேர் முன்னால் உங்களுக்காக ஒரு முழுப் பொய்யைத் திணறாமல் சொன்னாள். அவள் திணறியிருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். 'இனிமே அப்பா வேலைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?' என்று கேட்டாள். அப்போதுதான் தெரிந்தது, அன்றைக்குக் கதவோரம் நின்று நான் போனில் பேசியது முழுவதையும் கேட்டிருக்கிறாள். ஆகாது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, 'அப்பா எப்பம்மா மீன் சாப்பிடறத விட்டாரு?' என்றாள். எனக்குச் சுருக்கென்றது. போன லீவில் நான் ஆசையாக வைத்த வஞ்சிரக் குழம்பை நீங்கள் தள்ளிவைத்துவிட்டு மோர் கேட்டீர்கள். அதற்கு முந்தின லீவிலும் அப்படித்தான். நாள் பூரா அந்த நாற்றத்திலேயே இருப்பதால் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். 'நாத்தத்துக்காக இல்லம்மா' என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் படுத்துவிட்டாள். அவள் அழுகிற சத்தம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போய்க் கட்டிக்கொண்டிருப்பேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். அவள் உங்கள் மேல் கோபமாக இருக்கிறாள் என்று இத்தனை நாள் நினைத்துப் பயந்தேன். அவள் கோபமாக இல்லை. உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். பதினாறு வயசுப் பெண் சுமக்கிற சுமையா இது?

அவர்கள் மேஜையை மாவட்டக் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். தீபாவளி முடிந்த வாரம் திருவள்ளூரில். அங்கே இன்னும் பெரிய கூட்டம் வரும். தூள் எங்கே கிடைத்தது என்று மறுபடியும் யாராவது கேட்பார்கள். அவள் மறுபடியும் சொல்லுவாள். மூன்றாவது தடவை அவளுக்கே அது பொய் என்று தோன்றாது. எனக்கு அதுதான் பயம். மேஜையில் அந்தத் தட்டை வைப்பதா வேண்டாமா, வைத்தால் என்ன சொல்வது, இதையெல்லாம் நீங்களும் அவளும் பேசி முடிவு செய்யுங்கள். கம்பெனியின் பேரைச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உங்கள் வேலையை விடச் சொல்லவும் இல்லை, விடவேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதை யோசிக்க எனக்குத் தெம்பில்லை. அவள் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவேண்டும், அவ்வளவுதான். அப்பா தன்னிடம் மறைக்கவில்லை என்று தெரிந்தால் அவள் எதையும் தாங்குவாள். என் பெண்ணை எனக்குத் தெரியும்.

என்னிடம் சொல்லி அனுப்பாதீர்கள். போனிலும் வேண்டாம். தீபாவளிக்கு லீவு இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். புதுத்துணி வேண்டாம், பட்டாசு வேண்டாம், நீங்கள் வந்தால் போதும். அரக்கோணத்தில் இறங்கி லோக்கல் பிடித்து எப்போது ஆவடி வருவீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ஸ்டேஷனுக்கு நான் வரமாட்டேன், பாப்பாவைத்தான் அனுப்புவேன். ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டாம். கோவில்பதாகை வரை நடந்தே வாருங்கள், தூரம் கொஞ்சம் அதிகம்தான், பரவாயில்லை. மழைக்காலம், குடை கொடுத்தனுப்புகிறேன். ஒரு குடைதான்.

உங்களை அந்த அம்மன் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
வனஜா